ஒய் குரோமோசோமும் ஒரு சதவீதமும்: மஜ்ஜை மாற்றுக்குப் பின் மூளையில் குடியேறுவது எது?

இரத்தப் புற்றுநோயாளிக்குப் பிறர் தரும் குருத்தணுக்களின் வழித்தோன்றல்கள் எலும்பு மஜ்ஜையோடு நின்றுவிடாமல் மூளைக்குள்ளும் காணப்படுகின்றன என்பதில் இன்று கருத்து வேறுபாடு இல்லை. அங்கே அவை என்னவாக வாழ்கின்றன என்பதே வழக்கு. அவை நரம்பணுக்களாகவே மாறிவிடுகின்றன என்று இருபது ஆண்டுகளுக்கு முன் எழுந்த ஆய்வு மரபு ஆய்வகங்களில் வலுவிழந்த பின்னும் மறையவில்லை. மூளைவாதத்துக்கும் ஆட்டிசத்துக்கும் மஜ்ஜைச் செல்களைச் செலுத்துவதாகச் சொல்லும் விளம்பரங்களுக்கு அதுவே முட்டுக்கொடுத்து வருகிறது. அம்மரபின் மிக வலுவான சான்றாகக் கருதப்படும் கட்டுரையையே இங்கு மீண்டும் வாசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

2004இல் லான்செட் இதழில் காகிள் குழுவினர் வெளியிட்ட அக்கட்டுரை, ஆண் கொடையாளரின் மஜ்ஜையைப் பெற்றுப் பின்னர் இறந்த மூன்று பெண்களின் மூளையை ஆராய்ந்தது. பெண்ணின் உடலில் இயல்பாக இல்லாத ஒய் குரோமோசோமைக் கொடையாளர் செல்லின் அடையாளமாகக் கொண்டு, நினைவாற்றலுக்கு அடிப்படையான ஹிப்போகாம்பஸ் பகுதியில் அது தேடப்பட்டது. மாற்றுச் சிகிச்சைக்குப் பின் ஆறு ஆண்டுகள் வரை கழிந்த நிலையிலும் மூவரிடமும் அது கிடைத்தது. நரம்பணுக்களில் 1 சதவீதமும், அவற்றைச் சூழ்ந்து தாங்கும் கிளியா செல்களில் 1 முதல் 2 சதவீதமும் ஒய் குரோமோசோமைக் கொண்டிருந்தன என்றும், ஒரே ஒரு எக்ஸ் குரோமோசோம் மட்டுமே தென்பட்டதால் கொடையாளர் செல் நோயாளியின் நரம்பணுவோடு இணைந்துவிட்டது என்று கொள்ள இடமில்லை என்றும் கட்டுரை முடிவு கூறியது.

கண்டது உண்மை, கண்டதற்குத் தந்த பொருளே ஐயத்துக்குரியது. முதலில் ‘ஒற்றை எக்ஸ்’ என்னும் வாதத்தைக் கருதலாம். மெழுகில் பதித்த மூளைத் திசுவைப் பொதுவாக 4 அல்லது 5 மைக்ரான் தடிமனில் சீவுகிறார்கள். பெரிய நரம்பணுவின் உட்கருவோ 10 மைக்ரான் அளவுக்கு வரும். சீவலில் உட்கருவின் ஒரு துண்டுதான் அகப்படுகிறது; மீதத் துண்டில் இருந்த எக்ஸ் குரோமோசோம்கள் அடுத்த சீவலோடு போய்விடுகின்றன. ஆகவே கண்ணில் பட்ட குரோமோசோமுக்குச் சான்று மதிப்பு உண்டு. படாத குரோமோசோமுக்கு அம்மதிப்பு இல்லை. காகிள் கட்டுரைக்கு முந்திய ஆண்டில் வைமன் குழுவினர் சிறுமூளையின் பர்கின்ஜி செல்கள் 5,860ஐ எண்ணி, அவற்றில் நான்கில் மட்டுமே எக்ஸும் ஒய்யும் சேர்ந்திருக்கக் கண்டனர் என்பதும், வேறு இரண்டில் பாலினக் குரோமோசோம்கள் இயல்பான இரட்டைத் தொகுதிக்கு மேல் இருந்தன என்பதும் செல் இணைவையே சுட்டுகின்றன.

இரண்டாவது ஐயம் எண்களின் அளவைப் பற்றியது. இக்கட்டுரையாளரின் கருத்தில் இதுவே தீர்மானகரமானது. 2003இல் மெசெய் குழுவினர் நான்கு பெண் நோயாளிகளின் மூளையில் கண்ட மிக உயர்ந்த விகிதமே பத்தாயிரத்துக்கு ஏழு. அங்கும் ஒய் குரோமோசோம் கொண்டவற்றில் பெரும்பாலானவை நரம்பணு அல்லாத செல்கள். காகிள் கட்டுரையின் 1 சதவீதமோ அதைவிடப் பதினான்கு மடங்கு மிகுதி. ஹிப்போகாம்பஸின் ஒரு பகுதியான துகள் அடுக்கில் மட்டும் ஏறத்தாழ 1.5 கோடி நரம்பணுக்கள் உள்ளதால், அவ்விகிதம் அங்கும் பொருந்துமானால் ஒன்றரை இலட்சம் நரம்பணுக்கள் மஜ்ஜையிலிருந்து வந்தவையாக இருக்க வேண்டும். புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றவர்களின் ஹிப்போகாம்பஸில் புதிய நரம்பணு பிறப்பது குன்றிப்போவதை மோஞ்சே குழுவினரின் 2007ஆம் ஆண்டுப் பிரேதப் பரிசோதனை ஆய்வு காட்டியிருக்க, சொந்த நரம்பணுவே பிறக்கத் திணறும் இடத்தில் மஜ்ஜைச் செல் மட்டும் இவ்வளவு தாராளமாக நரம்பணுவாகியது என்பதை ஏற்பது கடினம்.

காகிள் கட்டுரையின் இரு விகிதங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறொரு விளக்கம் புலப்படுகிறது. நரம்பணுக்களில் பலவற்றின் உடலோடு ஒட்டியபடியே மைக்ரோகிளியா எனும் மூளையின் காவற்செல் ஒன்று அமர்ந்திருப்பது நோய்க்கூற்றியலார் நன்கறிந்த காட்சி. சீவலில் ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிட்டால், காவற்செல்லின் ஒய் குரோமோசோம் நரம்பணுவின் கணக்கில் ஏறிவிடும். அப்படியாயின் நரம்பணு விகிதம் கிளியா விகிதத்தைத் தொடர்ந்து செல்லும் நிழலாக இருக்கும். 1 சதவீதமும் 1 முதல் 2 சதவீதமும் இத்தனை நெருங்கி நிற்பது அந்நிழலாகவே தோன்றுகிறது. மூன்று மூளைகளை மட்டும் கொண்டு இதை நிறுவிவிட முடியாது என்பது உண்மைதான். எனினும் எதிர்முடிவும் அதே மூன்று மூளைகளின்மேல்தான் நிற்கிறது.

ஆண் மகவைச் சுமந்த பெண்ணின் மூளையில் ஒய் குரோமோசோம் இருக்கலாமே என்ற தடையையும் கருத வேண்டும். 2012இல் சான் குழுவினர் 59 பெண்களின் மூளையை ஆராய்ந்து, 63 சதவீதத்தினரிடம் ஆணுக்குரிய டிஎன்ஏவைக் கண்டனர். ஒய் குரோமோசோமைக் கொடையாளரின் கையொப்பமாகக் கொள்வதற்குமுன் மகப்பேற்று வரலாற்றைக் கேட்டாக வேண்டும் என்பதற்கு இது போதும். மெசெய் குழுவினர் ஆராய்ந்தவர்களுள் ஒருவரான இரண்டு வயதுக் குழந்தையிடமும் அச்செல்கள் கிடைத்திருப்பதால், முழு விளக்கமாக இது நிற்காது.

மைக்ரோகிளியாவே குடியேறுகிறது என்பதற்கான சான்றுகள் இதைவிட உறுதியானவை. கருவின் மஞ்சட்கருப்பையில் தோன்றி மூளைக்குள் சென்று தங்கிவிடும் இச்செல்களுக்கு இயல்பான நிலையில் மஜ்ஜையின் துணை தேவையில்லை. தலைக்குக் கதிர்வீச்சு படாமல் மறைத்த எலிகளில் மஜ்ஜைச் செல்கள் மூளைக்குள் நிலைகொள்வதில்லை என்றும், இரத்த–மூளைத் தடுப்பைக் கடக்கவல்ல புசல்ஃபான் மருந்தைக் கொடுத்தால் நிலைகொள்கின்றன என்றும் 2007க்குப் பின் வந்த ஆய்வுகள் காட்டின. ஆகவே கதவைத் திறப்பது குருத்தணு அன்று. அதற்கு இடம் ஒழிப்பதற்காக முன்னதாகத் தரப்படும் தயாரிப்புச் சிகிச்சையே. ‘எலியில் கண்டது மனிதருக்கு ஆகுமா’ என்பாருக்கு, அட்ரினோலுகோடிஸ்ட்ரோஃபி என்னும் பரம்பரை மூளை நோய் மஜ்ஜை மாற்றால் தடுத்து நிறுத்தப்படுவதே விடை. அங்கும் இழந்த நரம்பணு திரும்புவதில்லை, சிதைவு மட்டுமே நிற்கிறது.

தமிழ்நாட்டில் இது ஏட்டுப் பிரச்சினை அன்று. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1986இல் மஜ்ஜை மாற்று தொடங்கிய காலம் முதல் உடன்பிறந்தாரே முதல் தெரிவான கொடையாளர். காகிள் கட்டுரை ஆராய்ந்த ஆண்–பெண் இணைப்பு, அண்ணன் தங்கைக்கு மஜ்ஜை தரும்போதெல்லாம் இங்கே இயல்பாகவே அமைகிறது. எல்லை ஊர்களிலிருந்து வேலூருக்கோ சென்னைக்கோ வரும் குடும்பங்களுக்கு மருத்துவர் விளக்க வேண்டியதும் இங்கேதான் இருக்கிறது. லிம்போபிளாஸ்டிக் லுகேமியா என்னும் இரத்தப் புற்றுநோய் பெரும்பாலான மருந்துகள் எட்டாத மூளையில் ஒளிந்துகொள்ளும் நோய் என்பதால்தான் முதுகுத்தண்டு நீரில் மெதோட்ரெக்சேட் ஊசி போடப்படுகிறது. அந்நோய்க்காக மாற்று பெற்ற, நான்கு வயதுக்கு மேற்பட்ட சிறாரில், முழுவுடல் கதிர்வீச்சு பெற்றவர்களின் இரண்டாண்டு உயிர்வாழ்வு 91 சதவீதமாகவும், மருந்து மட்டும் பெற்றவர்களின் உயிர்வாழ்வு 75 சதவீதமாகவும் இருந்ததை 2021இல் வெளியான ஃபோரம் ஆய்வு காட்டியது. உயிர் காக்கும் அதே கதிர்வீச்சுதான் ஹிப்போகாம்பஸின் பிறப்பாற்றலைக் குறைக்கிறது. அந்த இழப்பை அண்ணனின் மஜ்ஜை ஈடுசெய்யும் என்று பெற்றோருக்கு நம்பிக்கையூட்ட 2004ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஆதாரம் இல்லை.

வழக்கைத் தீர்க்க வல்ல சோதனை எளியது. பிரேதப் பரிசோதனைக்கு உறவினர் இசையும் அரிய தருணங்களில், தடித்த சீவல்களை அடுக்கடுக்காகப் படமெடுத்து, ஒய் குரோமோசோமோடு மைக்ரோகிளியாவுக்குரிய புரத அடையாளத்தையும் ஒரே செல்லில் தேட வேண்டும். இறந்த பெண்ணுக்கு மாற்றின் முன்னதாகத் தரப்பட்டது கதிர்வீச்சா புசல்ஃபானா, அவள் எத்தனை மகவைச் சுமந்தாள் என்பவையும் அதே பக்கத்தில் பதிவாக வேண்டும்.