குட்டிக் கரடிகளின் பாஷை

குழந்தைகளுக்கென்று செய்யப்படும் எதையும் நாம் விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வதில்லை. பொம்மை, வண்ணப் புத்தகம், கார்ட்டூன் படம் எல்லாம் வியாபாரிகளின் சமாசாரம் என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் ஒரு சமூகம் யாரைத் தன்னைவிடச் சிறியவர்கள் என்று நினைக்கிறது என்பதை அதன் பெரிய நாவல்களைவிட இந்தச் சில்லறைச் சரக்குகள் ஒளிவுமறைவில்லாமல் காட்டிக்கொடுத்துவிடுகின்றன.

அப்படி ஒரு சரக்கு 'ஈவோக்ஸ்'. 1985 செப்டம்பர் 7, சனிக்கிழமை காலை, அமெரிக்காவின் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் ஆரம்பமான கார்ட்டூன் தொடர். 'ஸ்டார் வார்ஸ்' என்ற விண்வெளி மகாகாவியத்தின் (மகாகாவியம் என்பது அவர்கள் தரப்புச் சொல்) குழந்தைக் கிளை. அதே நாளில் 'டிராய்ட்ஸ்' என்று இன்னொன்றும் துவங்கியது. இரண்டையும் தயாரித்தது கனடாவின் டொரன்டோ நகரத்து நெல்வானா ஸ்டுடியோ. கோடுகளை உட்கார்ந்து வரைந்தவர்கள் தென்கொரியாவின் ஹன்ஹோ என்ற ஸ்தாபனத்துத் தொழிலாளர்கள். கதை கலிபோர்னியாவில், மேற்பார்வை டொரன்டோவில், கைவேலை கொரியாவில் என்கிற இந்தப் பங்கீடு அப்போதே நிலைபெற்றுவிட்ட ஒன்று.

ஈவோக்குகள் யார்? 1983இல் வந்த மூன்றாவது படத்தில், எண்டோர் என்கிற காட்டுச் சந்திரனில் மரங்களின் உச்சியில் வீடு கட்டி வாழ்கிற, மூன்றடி உயரமுள்ள, உடம்பெல்லாம் ரோமம் கொண்ட குடிகள். கல்லும் கயிறும் உருட்டுக்கட்டையும் வைத்துக்கொண்டு ஒரு சாம்ராஜ்யத்தின் இரும்பு யந்திரங்களைக் கவிழ்த்துவிடுகிறார்கள். ஜார்ஜ் லூகாஸுக்கு இந்த யோசனை வந்த இடம் வியத்நாம். 'அபோகலிப்ஸ் நவ்' படத்தை முதலில் இயக்கவிருந்தவர் அவர்தான். பின்னால் அது கொப்பலாவிடம் போயிற்று. காட்டுக்குள் பதுங்கிய எளிய ஜனங்களிடம் தன் தேசத்தின் மகா ராணுவம் தோற்றதை அவர் மறக்கவில்லை. எடுக்க முடியாமற்போன படத்தின் ஒரு துண்டை எடுத்த படத்துக்குள் ஒளித்துவைத்தார் என்று சொல்லலாம். முதலில் அந்தக் காட்டுக்குடிகளாக நெடிதுயர்ந்த வூக்கிகளைத்தான் உத்தேசித்திருந்தார். ஆனால் சூபாக்கா என்ற வூக்கி ஏற்கனவே விண்கலம் ஓட்டிக்கொண்டிருந்தான். யந்திரம் அறியாத ஜனங்கள் வேண்டுமென்றால் புதிதாகச் செய்தாக வேண்டும். அப்படி வூக்கி குறுகி ஈவோக் ஆயிற்று. பெயர், கலிபோர்னியாவின் பூர்வகுடிகளான மீவோக் இனத்தாரிடமிருந்து வந்தது என்பார்கள். விசித்திரம், அந்தப் பெயர் படத்தில் எவர் வாயிலிருந்தும் வருவதில்லை. கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில்தான் இருக்கிறது. காட்சிகள் எடுக்கப்பட்டதும் வட கலிபோர்னியாவின் செம்மரக் காடுகளில்தான். (நம் பக்கத்துச் செம்மரம் வேறு, அது வானத்தைத் தொடுவதில்லை, சிறைக்குத்தான் அனுப்புகிறது.)

இதுவரை அரசியல். இனிமேல் வருவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: பாஷை.

ஒலி அமைப்பாளர் பென் பர்ட் இந்தக் குடிகளுக்கு ஒரு பாஷை செய்யவேண்டியிருந்தது. பார்வையாளர்களுக்குப் புரியக்கூடாது, ஆனால் பாஷை மாதிரி இருக்கவேண்டும். ஒரு பி.பி.சி. செய்திப் படத்தில் அவர் கல்மிக் மொழியைக் கேட்டார். மங்கோலிய இனத்து மொழி. வோல்கா நதிக்கும் காஸ்பியன் கடலுக்கும் பக்கத்தில் பேசப்படுவது. அகதியாக வந்திருந்த ஒரு கல்மிக் மூதாட்டியைத் தேடிப்பிடித்துப் பேசச்சொல்லிப் பதிவு செய்தார்கள். பிறகு நடிகர்கள் அதைக் காதால் வாங்கி, வாயால் உருட்டி, திபெத்தியமும் நேப்பாளியும் கொஞ்சம் கலந்து, ஒரு குழறலாக ஆக்கினார்கள். அர்த்தம் வடிக்கப்பட்ட சக்கை.

1943 டிசம்பரில் ஸ்டாலினின் அரசு கல்மிக் ஜனங்கள் முழுவதையும், 90,000 பேருக்கு மேல், குளிர்காலத்தில் ரயில் பெட்டிகளில் அடைத்து சைபீரியாவுக்கு அனுப்பியது. வழியிலும் போய்ச்சேர்ந்த இடத்திலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். மிச்சமிருந்தவர்கள் ஊர் திரும்ப அனுமதிக்கப்பட்டது 1957இல். ஒரு நிஜமான சாம்ராஜ்யம் நிஜமாகவே அழிக்க முயன்ற ஒரு ஜனத்தின் பேச்சு, கற்பனைச் சாம்ராஜ்யத்தை எதிர்க்கும் பொம்மைக் கரடிகளின் வாயில் வந்து சேர்ந்திருக்கிறது. இதை யாரும் திட்டமிடவில்லை. பர்ட் ஓசையைத்தான் தேடினார். ஒரு மொழியை ஓசை நயத்துக்காக மட்டும் எடுத்துக்கொள்ள முடிகிறது என்பதே அந்த மொழிக்காரர்களின் நிலையைச் சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தையோ பிரெஞ்சையோ யாரும் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது.

நம் சினிமா இதில் பின்தங்கியதில்லை. தமிழ்ப் படத்தில் மலைவாசி என்றால் முகத்தில் கரி, தலையில் இறகு, நடுவில் நெருப்பு, சுற்றி நின்று 'ஹூ ஹா' என்று ஒரு கோஷம். அந்தக் கோஷத்துக்கு யாரும் கல்மிக் மூதாட்டியைத் தேடிப்போன சிரமம்கூட எடுத்துக்கொண்டதில்லை.

கச்சிராயபாளையத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறவனுக்கு இது தூரத்து விஷயமாகத் தோன்றாததற்குக் காரணம் உண்டு. ஊருக்கு மேற்கே கோமுகி அணை. அணைக்கு மேலே கல்வராயன் மலை. மலை மேலே இருப்பவர்களை மலையாளி என்கிறோம். மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில். கேரளத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவர்கள் பேசுவது தமிழ்தான். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பி மூவர் வழிவந்து மலை மலையாகப் பிரிந்தவர்கள் என்று அவர்களே தங்கள் கதையைச் சொல்லுகிறார்கள். சாமையும் தினையும் விதைத்தவர்கள், பிறகு மரவள்ளி. கடுக்காயும் புளியும் சுமந்துகொண்டு கீழே இறங்குவார்கள். கீழே இருப்பவன், மேலே இருப்பவனின் தமிழ் தனக்குப் புரியாது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு சத்தமாகப் பேசுவான். செவிடனிடம் பேசுகிற மாதிரி.

தேசத்துக்குச் சுதந்திரம் வந்து, ஜமீன்கள் ஒழிந்து, அதற்கெல்லாம் பிறகும் கல்வராயன் மலை சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. அரசாங்கம் அதை முழுமையாக எடுத்துக்கொண்டது 1976இல்தான். 'ஸ்டார் வார்ஸ்' முதல் படம் வெளிவருவதற்கு முந்தைய வருஷம் என்று சொன்னால் கணக்கு சட்டென்று மனசில் தைக்கிறது.

கார்ட்டூனுக்கு வருகிறேன். எண்பதுகளின் இறுதியில் சிங்கப்பூரில் வேலை பார்த்த ஒருவர் ஊருக்கு வந்தபோது ஒரு வீடியோ கேசட் கொண்டுவந்திருந்தார். டெக் வாடகைக்கு எடுத்து, முதலில் இரண்டு ரஜினி படம், விடியற்காலையில் குழந்தைகள் நச்சரிப்புக்காக இது. ஒரு பதினைந்து குழந்தைகள் இருக்கும். ஒருவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. கதாநாயகக் குட்டியின் பெயர் மட்டும் புரிந்து எல்லோரும் கூச்சல் போட்டார்கள்: விக்கெட். அவர்களுக்குக் கரடி என்றால் கரடிக்காரன் தெருவில் கூட்டிவருவது. அதன் முடியைத் தாயத்தில் அடைத்துக் கட்டிக்கொண்டால் பயம் போகும். தொங்குபாலமும் மரவீடும் கட்டிப் பேசித் திரிகிற கரடியை அவர்கள் பார்த்ததில்லை. வாய் பிளந்து பார்த்தார்கள். நானும்தான்.

அந்தத் தொடரில் ஈவோக்குகள் நல்ல இங்கிலீஷ் பேசுகிறார்கள். சனிக்கிழமை காலையில் அமெரிக்கக் குழந்தை துணையெழுத்துப் படித்துக்கொண்டிருக்குமா? ஆகவே கல்மிக் ஓசை போயிற்று. அந்த வகையில் அவர்கள் மனிதர்கள் ஆனார்கள் என்றுகூட வாதிக்கலாம். ஆனால் எங்கள் தெருக் குழந்தைகளுக்கு அந்த இங்கிலீஷே ஓர் ஈவோக் பாஷை. டொரன்டோக்காரர்கள் சிரமப்பட்டு அழித்த அந்நியத்தன்மை கச்சிராயபாளையத்தில் தானாகத் திரும்பி வந்துவிட்டது. குழந்தைகள் தாங்களாகவே வசனம் சொல்லிக்கொண்டு பார்த்தார்கள். தலைவன் சிர்ப்பாவுக்கு ஊர்க் கவுண்டர் குரல், மந்திரவாதி லோக்ரேவுக்குப் பூசாரி குரல். அவ்வளவு நல்ல மொழிபெயர்ப்பை நான் பிறகு கண்டதில்லை.

தொடரின் தரத்தைப் பற்றி இரண்டு பக்கமும் சொல்லவேண்டும். முதல் பருவத்தில் காடு நன்றாக வரையப்பட்டிருக்கிறது. கிளைகளின் மேல் கிளைகளாகப் போகிற ஒரு செங்குத்து உலகம்; கீழே விழுந்தால் என்ன ஆகும் என்ற பயம் எப்போதும் படத்தில் இருக்கிறது. பின்னால் பெயர்பெற்ற பால் டினி இதில் ஆரம்ப காலக் கதைகள் எழுதினார். முகப்புப் பாட்டைப் பாடியவர் தாஜ் மஹால் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் (ஆம், அதுதான் அவர் வைத்துக்கொண்ட பெயர்). அம்மா திட்டுவதும், தங்கச்சி பின்னாலேயே வருவதும், தோழனோடு சண்டையும் சமாதானமும் என்று ஒரு கிராமத்தின் அன்றாடம் கிடைக்கிறது. சினிமாவில் அவர்களுக்கு அன்றாடமே கிடையாது. வெள்ளைக்காரக் கதாநாயகர்களுக்கு ஒத்தாசை செய்வதற்காகவே காத்திருந்த மாதிரி இருந்தார்கள். இந்த அளவில் கார்ட்டூன் சினிமாவைவிட நேர்மையானது என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் கொடுத்ததற்கு விலையும் வாங்கிக்கொண்டது. சினிமாவின் ஈவோக்குகள் கதாநாயகர்களைக் கம்பத்தில் கட்டித் தூக்கிவந்து விருந்துக்கு வாட்டத் தயாரானவர்கள். கடைசியில் செத்த சிப்பாய்களின் தலைக்கவசங்களை மேளமாகத் தட்டுகிறார்கள். அந்தப் பல் கார்ட்டூனில் பிடுங்கப்பட்டுவிட்டது. சாம்ராஜ்யம் ஒரு கதையில் தலைகாட்டிவிட்டுப் போகிறது, அவ்வளவுதான். சாம்ராஜ்யம் இல்லையென்றால் எதிரி வேண்டுமே? அதற்காக டூலோக்குகள். ஈவோக்குகளுக்குப் பங்காளிகள் போன்ற ஜாதி. சதுப்பில் வாழ்கிறவர்கள், அழுக்கு, சொறி, முட்டாள்தனம், திருட்டுப் புத்தி. அமெரிக்கக் குழந்தை அன்பு செலுத்தும்படி காட்டுவாசியைச் சுத்தப்படுத்தினார்கள். சுரண்டி எடுத்த அழுக்கை எங்கே கொட்டுவது என்று பார்த்து, அவனுக்குக் கீழே இன்னொரு காட்டுவாசியைச் செய்து அவன் மேல் கொட்டினார்கள். நம் தேசத்தில் இதற்கு விளக்கவுரை தேவைப்படாது.

இதே விஷயத்தை 1972இலேயே உர்சுலா லெ க்வின் எழுதிவிட்டார், 'தி வேர்ட் ஃபார் வேர்ல்ட் இஸ் ஃபாரஸ்ட்' என்ற குறுநாவலில். அங்கேயும் காடே உலகமான ஒரு கிரகம், மூன்றடி உயரமுள்ள, ரோமம் அடர்ந்த குடிகள், மரம் வெட்ட வருகிற பூமிக்காரர்கள், பின்னணியில் வியத்நாம். அந்தக் குடிகளும் ஜெயிக்கிறார்கள். ஆனால் ஜெயிப்பதற்காக, தங்களிடையே இல்லாத கொலையைக் கற்றுக்கொள்கிறார்கள். கற்றது பிறகு மறப்பதில்லை. லூகாஸின் ஈவோக்குகளோ ஜெயித்த இரவில் பாட்டுப்பாடி ஆடுகிறார்கள். 1997இல் படத்தைத் திருத்தி வெளியிட்டபோது அந்தப் பாட்டையும் எடுத்துவிட்டு வேறு இசையை வைத்தார்கள். அவர்கள் பாஷையில் அவர்களுக்கென்று இருந்த ஒரே பாட்டு அது.

'டிராய்ட்ஸ்' பற்றி அதிகம் சொல்ல இல்லை. சினிமாவில் தங்க நிற எந்திரத்துக்குக் குரல் கொடுத்த ஆன்டனி டேனியல்ஸே இதிலும் பேசினார். பென் பர்ட் சில கதைகள் எழுதினார். 13 வாரமும், 1986இல் ஒரு மணி நேரச் சிறப்புப் படம் ஒன்றும், அதோடு சரி. 'ஈவோக்ஸ்' 1986 டிசம்பர் வரை இரண்டு பருவம் ஓடியது. இரண்டாம் பருவத்தைச் சிறு குழந்தைகளுக்காக இன்னும் இளக்கினார்கள்; பார்க்க முடியாது. உண்மையில் இரண்டு தொடருக்கும் பின்னால் நின்றது கென்னர் கம்பெனியின் பொம்மை வியாபாரம். மூன்றாவது படத்துக்குப் பிறகு புதுப் படம் இல்லை, பொம்மை விற்கவில்லை, தொலைக்காட்சியால் தூக்கி நிறுத்தலாம் என்று பார்த்தார்கள். நிற்கவில்லை. 'டிராய்ட்ஸ்' பொம்மைகளின் இரண்டாவது ஈடு அமெரிக்காவில் வெளிவரவே இல்லை. அதில் விலிக்ஸ் என்ற வில்லன் பொம்மை மட்டும் பிரேசிலில் ஒரு கம்பெனியால் வார்க்கப்பட்டு, இன்று சேகரிப்பாளர்கள் பெருந்தொகை கொடுத்து வாங்குகிறார்கள். ஏபிசியில் ஓடிய சரக்கு மறக்கப்பட்டது. மறக்கப்பட்ட பொம்மைக்கு விலை ஏறிக்கொண்டிருக்கிறது.

2021இல் இரண்டு தொடர்களையும் டிஸ்னி தன் இணையத் திரையில் மறுபடி ஏற்றியது. 2023 மே 4ஆம் தேதி, அதே விண்வெளிக் கதையின் 'விஷன்ஸ்' வரிசையில் மும்பையின் 88 பிக்சர்ஸ் செய்த குறும்படம் ஒன்று வந்தது: 'தி பேண்டிட்ஸ் ஆஃப் கோலாக்', இயக்கம் இஷான் சுக்லா. ரயில் கூரையில் ஓட்டம், வழியோர தாபா, தங்கையைக் காப்பாற்றிக் கொண்டுபோகிற அண்ணன். கோடு போடுகிற வேலையோடு கதை சொல்கிற வேலையும் இந்தப் பக்கம் கைமாறியிருக்கிறது என்பதில் சந்தோஷம்தான். பார்த்தேன், நன்றாகவே இருக்கிறது. எல்லோரும் இங்கிலீஷ்தான் பேசுகிறார்கள், வடநாட்டு உச்சரிப்போடு.

அடுத்த வருஷம், 2024 ஜூலையில், சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை ஜனங்களின் நிலையைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டு விசாரித்தது. சாலை, மருத்துவம், பள்ளிக்கூடம். அந்த வாரங்களில் பத்திரிகைகளில் மலையின் போட்டோக்கள் நிறைய வந்தன. பெரும்பாலானவற்றில் மேகமும் அருவியும் இருந்தன.