துப்பாக்கிக் குழலும் ஒரு கேப்ஸ்யூலும்

1/ பேரையூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருத்தர். நான் எழுதிக் கொடுத்த கேப்ஸ்யூலைக் கையில் வைத்துக்கொண்டு, "டாக்டரய்யா, இந்தக் கூடு எதுல செய்றாங்க?"ன்னு கேட்டார். வெளியே பெரிய வரிசை. "நோய் போகணுமா, வேணாமா?"ன்னு சிடுசிடுத்துட்டேன்.

2/ அவர் அசரல. "காட்டுப்பன்னிக்கு எங்கப்பா லைசென்ஸ் துப்பாக்கி வச்சிருந்தாரு. அந்தக் குழலுக்கே என்ன எண்ணெய்னு கேட்டுத்தான் போடுவாரு. இது வாயில போடுறதுல்ல?" என்றார்.

வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி விடல. அதனால இந்த த்ரெட்.

3/ அவர் சொன்னது நாட்டுத் துப்பாக்கி. குழலின் வாய் வழியா மருந்து, அப்புறம் குண்டு, ரெண்டையும் கம்பியால் இடித்து இறக்கணும். மருந்துன்னா வெடியுப்பு, கரி, கந்தகம். பிரிட்டிஷ் ராணுவத்தின் கலவை நூற்றுக்கு 75, 15, 10.

4/ இந்த மருந்து முழுசா எரிந்து வாயுவாகாது. எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். அதில் ஒரு பங்கு புகையோடு போகும், மீதி குழலின் உட்சுவரில் படியும். அது காற்றின் ஈரத்தை இழுக்கும், இரும்பு துருப்பிடிக்கும். கொதிநீர் ஊற்றினால் கரையும். அப்போது வரும் கூமுட்டை நாற்றம், கந்தகத்தின் வேலை.

5/ பாளையக்காரர் காலத்துத் துப்பாக்கிகள் பெரும்பாலும் உள்ளே வழவழ குழல். குண்டு குழலைவிடச் சிறியது, கொஞ்சம் கரி படிந்தாலும் இறங்கிவிடும். ஆனால் குறி சரியா நிக்காது.

6/ ரைஃபிள் வேற. உள்ளே சுருளாகக் காடி வெட்டியிருக்கும். குண்டு அதைப் பிடித்துச் சுழன்று போவதால் குறி தப்பாது. ஆனால் காடி வெட்டினால் பிசிறு நிற்கும். அதனால் கொல்லர்கள் கம்பி முனையில் ஈயத்தைக் குழலுக்குள்ளேயே வார்த்து, எண்ணெயும் எமரித் தூளும் தடவி, முன்னும் பின்னும் இழுத்து மழமழப்பாக்குவார்கள். மிச்சப் பிசிறு சுடச் சுடத் தேயும். இதுதான் புதுக்குழலைப் பழக்குவது.

7/ எவ்வளவு பழக்கினாலும் நாலு வெடியில் கரி திரும்ப வந்துடும். 1800-இல் வந்த பேக்கர் ரைஃபிளுக்கு, குண்டை அடித்து இறக்கச் சின்ன மரச் சுத்தியலே கொடுத்துப் பார்த்தார்கள்!

8/ 1853-இல் என்ஃபீல்டு ரைஃபிள். மூன்று காடி. குண்டு சுலபமாக இறங்கும், வெடிக்கும்போது விரிந்து காடியைப் பிடிக்கும். கரியை இளக்க, குண்டைச் சுற்றிய காகிதத்தில் கொழுப்பு தடவினார்கள். இரும்பின் பிரச்சினைக்கு நல்ல தீர்வுதான்.

9/ ஆனா அந்தத் தோட்டாவை யார் பல்லால் கடித்துக் கிழிக்கணும்? சிப்பாய். 1857 ஜனவரியில் டம்டம்மில் மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்ற பேச்சு கிளம்பியது. எந்த விலங்கின் கொழுப்பு என்று அதிகாரிகளாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

10/ பிறகு மாற்றினார்கள். நீங்களே மெழுகும் எண்ணெயும் தடவிக்கோங்க, கையால் கிழிச்சுக்கோங்க என்றார்கள். யாரும் நம்பல. மீரட்டில் தோட்டாவைத் தொட மறுத்த 85 பேருக்கு மே 9 அன்று விலங்கு பூட்டினார்கள். மறுநாள் கிளர்ச்சி. இத்தனைக்கும் அன்று கொடுத்தது பழைய வகைத் தோட்டா!

11/ அவத் இணைப்பு, நில வரி என்று வேறு காரணங்களும் இருந்தன. கொழுப்பு மட்டும் காரணமில்லை. ஆனால் நம்பிக்கை போனபிறகு உண்மையைச் சொன்னாலும் எடுபடாது. நம்ம வேலூர் 1806-இல் இதே பாடத்தைச் சொல்லியிருந்தது. அங்கே புதுத் தலைப்பாகை, தாடி, நெற்றிக்குறி. "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று நினைத்தவர்களுக்கு ஜூலை 10 விடியுமுன் பதில் வந்தது.

12/ இப்ப பெரியவர் கேள்விக்கு வர்றேன். பெரும்பாலான கேப்ஸ்யூல் கூடு ஜெலட்டின். மாடு, பன்றி போன்றவற்றின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. தாவரக் கூடும் உண்டு. பல மருந்துகள் மாத்திரையாக, சிரப்பாகவும் கிடைக்கும்.

13/ நீங்களும் கேளுங்க. கூச்சப்படாதீங்க. பதில் தெரியாம மருந்தைப் பாதியில் நிறுத்துவதுதான் ஆபத்து. மாற்று இருந்தால் டாக்டர் எழுதித் தருவார், இல்லைன்னா ஏன் இல்லைன்னு சொல்லுவார்.

14/ அடுத்த முறை வந்தப்ப பெரியவர்கிட்ட மன்னிப்புக் கேட்டு, அதே மருந்தை மாத்திரையா எழுதிக் கொடுத்தேன். சீட்டைத் திருப்பிப் பார்த்துட்டு, "இதை அன்னிக்கே சொல்லியிருந்தா முதல் பாட்டத்தையே முழுசா முடிச்சிருப்பேனே அய்யா"ன்னார்.