அமெரிக்கன் ஹெல்த் கேர் அசோசியேஷன்

அமெரிக்காவில் நர்சிங் ஹோம் நடத்துவோருக்கான மிகப் பெரிய சங்கம் அமெரிக்கன் ஹெல்த் கேர் அசோசியேஷன். தமிழ்நாட்டில் நர்சிங் ஹோம் என்றால் பிரசவத்துக்கோ அறுவைச் சிகிச்சைக்கோ போய்ச் சில நாட்களில் வீடு திரும்பும் சிறிய தனியார் மருத்துவமனை. அமெரிக்காவில் அது வேறு. எழுந்து நடக்க முடியாத முதியோரும் மறதிநோய் முற்றியவர்களும் மாதக்கணக்கில், பலர் இறுதிவரை, செவிலியர் கவனிப்பில் தங்கும் இல்லம் அது. நாடெங்கும் இத்தகைய இல்லங்கள் சுமார் 15,000. அவற்றில் இருப்போர் ஏறத்தாழ 12 லட்சம் பேர்.

சங்கம் 1949-இல் தொடங்கப்பட்டது. 1965-இல் முதியோருக்கான மெடிகேர், ஏழைகளுக்கான மெடிகெய்ட் என்னும் இரண்டு அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் வந்ததும் இத்தொழிலுக்குள் அரசுப் பணம் பாய்ந்தது; சங்கத்தின் வேலையும் அதையொட்டியே மாறியது. இன்றைய பெயர் 1975-இல் வந்தது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் லாப நோக்கில் இல்லம் நடத்துவோர். லாப நோக்கற்ற இல்லங்களுக்கு 1961-இல் தோன்றிய லீடிங்ஏஜ் என்ற தனி அமைப்பு உண்டு. இல்லவாசிகளின் பக்கம் நின்று பேச 1975-இல் உருவான அமைப்பு இன்று நேஷனல் கன்ஸ்யூமர் வாய்ஸ் எனப்படுகிறது.

சங்கத்தின் முதன்மையான பணி கட்டணம் பற்றியது. இல்லவாசிகளில் பத்தில் ஆறு பேருக்கு மெடிகெய்ட்தான் பணம் கொடுக்கிறது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு என்பதை அந்தந்த மாநில அரசு முடிவு செய்வதால், பட்ஜெட் காலத்தில் மாநிலக் கிளைகள் சட்டமன்றத்தைச் சுற்றியே இருக்கும். மெடிகேர் விதிகளுக்காகத் தலைமை அலுவலகம் வாஷிங்டனில் இயங்குகிறது. 2011 முதல் பதினான்கு ஆண்டுகள் சங்கத்தை வழிநடத்திய மார்க் பார்க்கின்சன், கான்சஸ் மாநிலத்தின் முன்னாள் ஆளுநர்.

உறுப்பினர்களுக்குப் பயிற்சி தருவது, புதிய விதிகளை விளக்குவது, 1996 முதல் வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று நிலைகளில் தர விருது வழங்குவது ஆகியவையும் அதன் பணிகள். விதி பிடிக்காதபோது நீதிமன்றம் போவதும் உண்டு. இல்லத்தில் சேரும்போதே, தகராறு வந்தால் வழக்குத் தொடர மாட்டோம், நடுவரிடமே தீர்த்துக்கொள்வோம் என்று கையெழுத்து வாங்கும் வழக்கத்தை 2016-இல் மத்திய அரசு தடை செய்தது. சங்கம் மிசிசிப்பி நீதிமன்றத்தில் அதற்கு இடைக்காலத் தடை பெற்றது.

2020 பிப்ரவரி இறுதியில் வாஷிங்டன் மாநிலத்தின் கிர்க்லாண்ட் ஊரில் ஓர் இல்லத்தில் கொரோனா பரவியது. பின்னர் நாடு முழுவதும் இல்லவாசிகளும் ஊழியர்களுமாக இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் இறந்தனர். முகக்கவசமும் பரிசோதனைக் கருவிகளும் முதலில் இல்லங்களுக்கு வேண்டும் என்று சங்கம் கேட்டது நியாயமான கோரிக்கை. இறப்புகளுக்காக இல்லங்கள் மீது வழக்குத் தொடர முடியாதபடி சட்டப் பாதுகாப்புக் கேட்டதைப் பெற்றோரை இழந்த குடும்பங்கள் அப்படிப் பார்க்கவில்லை.

அந்தத் துயரம் ஊழியர் எண்ணிக்கை பற்றிய பழைய கேள்வியை மீண்டும் எழுப்பியது. படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் புண் வரும். ஊட்டிவிட, துடைக்க, கழிப்பறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துப்போக ஆள் வேண்டும். 2024 மே மாதம் மத்திய அரசு இதற்கு ஓர் அளவு விதித்தது: ஓர் இல்லவாசிக்கு நாளொன்றுக்கு மொத்தம் 3.48 மணி நேரக் கவனிப்பு. அதில் பதிவுபெற்ற செவிலியரின் நேரம் 0.55 மணி, அதாவது 33 நிமிடம். செவிலியர் உதவியாளரின் நேரம் 2.45 மணி. உதவியாளர் கணக்கை மட்டும் பார்த்தால், சராசரியாகப் பத்துப் பேருக்கு ஒருவர். பதிவுபெற்ற செவிலியர் ஒருவர் இரவும் பகலும் இருக்க வேண்டும் என்றும் விதி சொன்னது.

ஆளே கிடைக்கவில்லை, கிராமப்புற இல்லங்கள் மூடப்படும் என்றது சங்கம். பற்றாக்குறை உண்மைதான். ஆனால், இருக்கும் உதவியாளர்களும் குறைந்த சம்பளத்தால் விலகிப்போகிறார்கள் என்பதும் அதே அளவு உண்மை. சங்கம் டெக்சாஸில் வழக்குத் தொடர்ந்தது. பதிவுபெற்ற செவிலியர் நாளுக்கு எட்டு மணி நேரம் இருந்தால் போதும் என்று நாடாளுமன்றச் சட்டம் சொல்லும்போது அதை மீற அரசுத் துறைக்கு அதிகாரம் இல்லை என்று கூறி, 2025 ஏப்ரலில் நீதிமன்றம் விதியின் முக்கியப் பகுதிகளை ரத்து செய்தது. அதே ஆண்டு ஜூலையில் நிறைவேறிய சட்டம், 2034 செப்டம்பர் முடியும்வரை அவற்றை அமல்படுத்தக் கூடாது என்றது.