அவதூறு வழக்கு: நட்டஈடா, சிறையா?

பத்திரிகை ஒன்றினால் தமது நற்பெயருக்குப் பங்கம் நேர்ந்ததெனக் கருதும் ஒருவர் நீதிமன்றப் படியேறுவது அவருடைய உரிமை. பத்திரிகைத் தொழிலிலேயே தலை நரைத்தவன் என்ற முறையில் இதை முதலிலேயே சொல்லிவிட விரும்புகிறேன். பொய்யை அச்சிடும் உரிமை எந்தப் பத்திரிகைக்கும் கிடையாது. ஆனால் அவ்வழக்கைத் தொடுப்பவர் யார், தோற்றால் ஆசிரியர் இழப்பது பணத்தையா சுதந்திரத்தையா என்பவை வேறு கேள்விகள். இலங்கைப் பத்திரிகைகளின் அண்மைக்கால வரலாறு இக்கேள்விகளைச் சுற்றியே நகர்ந்திருக்கிறது.

இலங்கையில் அவதூறுக்கு நீண்டகாலமாக இரு வழிகள் இருந்தன. ஒன்று, ரோமன் டச்சுச் சட்டத்தின் வழிவந்த குடியியல் வழக்கு. பாதிக்கப்பட்டவர் தமது செலவில் சட்டத்தரணியை அமர்த்தி நட்டஈடு கோருவார். மற்றையது, 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை வகுத்த குற்றவியல் வழி. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தை அடியொற்றிய இக்கோவையின் 479ஆம் பிரிவு அவதூறைக் குற்றமாக்கியது. அடுத்த பிரிவு அதற்கு இரண்டு ஆண்டுகள் வரையிலான சிறையை விதித்தது. பத்திரிகை ஆசிரியர்களுக்கு எதிராகச் சட்டமா அதிபரே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தார். ஒருவருடைய மானத்தைக் காக்கும் செலவை அரசு ஏற்றது.

ஊடக சுதந்திரத்தை உறுதியளித்து 1994இல் ஆட்சிக்கு வந்தவர் சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்க. ஊடகச் சட்டங்களை ஆராய ஆர்.கே.டபிள்யு. குணசேகர தலைமையில் அவரது அரசாங்கம் நியமித்த குழு, குற்றவியல் அவதூறை நீக்குமாறு 1996இல் பரிந்துரைத்தது. அப்பரிந்துரை கிடப்பிலிருக்க, வழக்குகள் மட்டும் நடந்தன.

1995 பெப்ரவரியில் 'சண்டே டைம்ஸ்' வார இதழின் வம்புப் பத்தியொன்று, நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் பிறந்தநாள் விருந்துக்காக ஜனாதிபதி நள்ளிரவில் கொழும்பு ஹோட்டல் ஒன்றுக்குச் சென்றதாக எழுதியது. அவர் அங்கு செல்லவேயில்லை. செய்தி தவறானது, அதற்குப் பரிகாரம் கேட்பது நியாயமானது. திருத்தமோ மன்னிப்போ நட்டஈடோ அப்பரிகாரமாக இருந்திருக்கலாம். ஆனால் ஆசிரியர் சிங்க ரட்ணதுங்க குற்றவாளிக்கூண்டில் நிறுத்தப்பட்டார். 1997 ஜூலை 1ஆம் திகதி கொழும்பு மேல் நீதிமன்றம் அவருக்கு ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையும் அபராதமும் விதித்தது. 2000 டிசம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதிசெய்தது.

இடையே, 2000 செப்டெம்பரில், ஜனாதிபதியை விமர்சித்த 1995ஆம் ஆண்டுக் கட்டுரைக்காக 'சண்டே லீடர்' ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்கவுக்கு இரண்டாண்டுச் சிறை விதிக்கப்பட்டு, அது ஐந்தாண்டுகளுக்கு ஒத்திவைக்கப்பட்டது. 'ராவய' ஆசிரியர் விக்டர் ஐவனுக்கு எதிராக 1996, 1997ஆம் ஆண்டுகளில் தாக்கலான குற்றப்பத்திரிகைகளோ முடிவின்றி இழுபட்டன. அவர் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவை நாடினார். வழக்குகளை ஆண்டுக்கணக்கில் தொங்கவிட்டமை கருத்து வெளிப்பாட்டுச் சுதந்திரத்தையும் மீறியதென அக்குழு 2004 ஜூலையில் முடிவுசெய்தது. அம்முடிவின் பொருள் தெளிவானது. இத்தகைய வழக்கில் தீர்ப்பு வரவேண்டுமென்பதில்லை, தவணைகளே தண்டனை.

தமிழ் வாசகர்கள் இங்கே இன்னொரு திகதியையும் நினைவுகொள்ள வேண்டும். லசந்தவின் தண்டனைக்கும் ரட்ணதுங்கவின் மேன்முறையீட்டுத் தீர்ப்புக்கும் இடைப்பட்ட 2000 ஒக்டோபர் 19ஆம் திகதி இரவு, மயில்வாகனம் நிமலராஜன் யாழ்ப்பாணத்தில் ஊரடங்கு வேளையில் தமது வீட்டிலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். பிபிசிக்கும் வீரகேசரிக்கும் செய்தி அனுப்பிவந்த அவர், அதே 'ராவய'வுக்கும் எழுதியவர். கொழும்பு ஆசிரியருக்குக் குற்றப்பத்திரிகை வந்தது. யாழ்ப்பாணச் செய்தியாளருக்குத் துப்பாக்கி வந்தது. நிமலராஜனுக்கு எதிராக எவரும் அவதூறு வழக்குத் தொடுக்கவில்லை.

1998இல் பத்திரிகை ஆசிரியர்களும் வெளியீட்டாளர்களும் ஊடகவியலாளர்களும் கூடி வெளியிட்ட கொழும்புப் பிரகடனம் குற்றவியல் அவதூறை நீக்குமாறு கோரியது. அதற்கு ஈடாகத் தம்மைத் தாமே ஒழுங்குபடுத்தவும் அவர்கள் முன்வந்தனர். 2001 டிசம்பர்த் தேர்தலின் பின் ரணில் விக்கிரமசிங்க தலைமையில் அமைந்த அரசாங்கம், சந்திரிகா ஜனாதிபதியாக இருந்தபோதே, 2002 ஜூனில் அச்சட்டப் பிரிவுகளை நீக்கியது. 2003இல் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு உருவாயிற்று. திருத்தமோ பதிலோ கேட்க விரும்பும் சாதாரண வாசகருக்கு அது செலவற்ற வழியைத் திறந்தது. இந்தியாவிலோ குற்றவியல் அவதூறு அரசியலமைப்புக்கு முரணானதல்ல என உச்ச நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது. அவ்வகையில் இலங்கை ஒரு படி முன்னே சென்றது.

ஆனால் சட்டம் மாறியதால் மட்டும் பேனாவுக்குப் பாதுகாப்புக் கிடைத்துவிடவில்லை. நீதிமன்றம் சிறைக்கு அனுப்பாமல் விட்ட லசந்த, 2009 ஜனவரி 8ஆம் திகதி பட்டப்பகலில் நடுவீதியில் கொல்லப்பட்டார். 2024இல் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம், பொய்யான கூற்றுகளில் சிலவகையை மீண்டும் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. முன்வாசலால் அனுப்பியது பின்வாசலால் திரும்பியிருக்கிறது.

எமது எழுத்தால் புண்பட்டவர்கள் வழக்குத் தொடரட்டும். நாம் தவறியிருந்தால் திருத்தம் வெளியிடுவோம், நட்டஈடும் கொடுப்போம். பத்திரிகையும் குடிமகனும் சமமாக நின்று வாதாடக்கூடிய இடம் குடியியல் நீதிமன்றம். அங்கே அரசு ஒரு தரப்பின் கையில் விலங்கைக் கொடுத்து அனுப்பும்போது, நடப்பது நற்பெயருக்கான வழக்கன்று.