ஏவுகணைகளைச் சூரியனுக்குள் வீசியவர்: 1987இன் சுப்பர்மேன் ஏன் தோற்றார்?

மோசமான சுப்பர்ஹீரோ படங்கள் எண்டு ஆர் பட்டியல் போட்டாலும் அதில் தவறாமல் வந்து நிற்கும் ஒரு படம் ‘சுப்பர்மேன் 4: சமாதானத்துக்கான தேடல்’. 1987 ஜூலை 24 அமெரிக்காவில் வெளியானது. விண்வெளியில் எந்தக் கவசமும் இல்லாமல் மூச்சுவிடும் பெண், இடிந்த சீனப் பெருஞ்சுவரைக் கண்பார்வையாலேயே திருப்பிக் கட்டும் சுப்பர்மேன், கமராவை நோக்கிப் பறந்துவரும் அதே ஷொட் திரும்பத் திரும்ப. சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் இந்தப் படம் கையில் எடுத்த விஷயம் சிரிப்பானது இல்லை. அணு ஆயுதங்களை உலகத்திலிருந்து ஒழிக்க முடியுமா எண்டுதான் அது கேட்டது.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது எண்டு விளங்க 80களுக்குள் போக வேணும். 1986இல் உலகம் முழுக்க ஏறத்தாழ 70,000 அணுகுண்டுகள் இருந்தன. அதில் மிகப் பெரும்பகுதி அமெரிக்காவிடமும் சோவியத் யூனியனிடமும். 1982 ஜூனில் நியூயோர்க் சென்ட்ரல் பார்க்கில் கிட்டத்தட்ட பத்து லட்சம் பேர் அணு ஆயுதத்துக்கு எதிராகத் திரண்டார்கள். 1983இல் அணுகுண்டு விழுந்த ஒரு அமெரிக்க நகரத்தைக் காட்டிய ‘த டே ஆஃப்டர்’ தொலைக்காட்சிப் படத்தை ஏறத்தாழ பத்துக் கோடிப் பேர் பார்த்தார்கள். அதுக்கு முந்தின வருஷம் சமந்தா ஸ்மித் எண்ட பத்து வயது அமெரிக்கச் சிறுமி, சோவியத் தலைவர் அந்திரொப்போவுக்கு, போர் வருமோ எண்டு கேட்டுக் கடிதம் எழுதினாள். அவர் பதிலும் எழுதினார், அவளை அழைக்கவும் செய்தார். படத்திலும் ஜெரமி எண்ட பள்ளிக்கூடப் பெடியன் சுப்பர்மேனுக்குக் கடிதம் எழுதுகிறான்: இந்த ஆயுதங்களை நீங்கள் இல்லாமல் செய்யக்கூடாதா?

கதையில் இந்தக் கேள்வியை வைத்தவர்களில் முக்கியமானவர் சுப்பர்மேனாக நடித்த கிறிஸ்தோபர் றீவ். மூன்றாவது படத்தோடு அவருக்கு அந்த வேஷம் அலுத்திருந்தது. உரிமையை வாங்கிய கெனன் ஃபிலிம்ஸ் அவருக்கு இரண்டு வாக்குறுதி கொடுத்தது: அவர் விரும்பிய ‘ஸ்ட்ரீட் ஸ்மார்ட்’ படத்துக்குக் காசு போடுவோம், புதிய சுப்பர்மேன் கதையில் அவருக்கும் பங்கு தருவோம். அவர் சம்மதித்தார்.

கெனனை நடத்திய மெனஹெம் கோலானும் யோராம் குளோபஸும் ஒரே நேரத்தில் ஏகப்பட்ட படங்களை எடுத்துத் தள்ளியவர்கள். கடன் கழுத்துக்கு வந்த நேரம், ஏறத்தாழ 3 கோடி 60 லட்சம் டொலர் எண்டு பேசப்பட்ட பட்ஜெட் 1 கோடி 70 லட்சத்துக்கு வெட்டப்பட்டது. நியூயோர்க்கில், சுப்பர்மேன் தெருவில் நடந்து ஐ.நா.வுக்குப் போகும் காட்சி, இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் நகரத்தில் எடுக்கப்பட்டது. ஐ.நா. தலைமையகமாக நின்றது அந்த ஊர் ரயில் நிலையம். பிறகு வெட்டுக்கு மேல் வெட்டு விழுந்து படம் 90 நிமிஷமானது. 1978இல் வந்த முதல் சுப்பர்மேன் அமெரிக்காவில் 13 கோடி டொலருக்கு மேல் உழைத்தது. இது உழைத்தது ஏறத்தாழ 1 கோடி 60 லட்சம். அடுத்த சுப்பர்மேன் படம் திரைக்கு வர 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வழக்கமாக இந்தக் கதை இங்கேயே முடிஞ்சுவிடும்: காசு இல்லை, அதனால் படம் பிழைச்சுது. அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மிச்சம் பாதி சுப்பர்மேனின் பிறப்போடு ஒட்டியிருக்கு.

ஜெரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் கிளீவ்லாண்டில் வளர்ந்த யூதக் குடியேறிகளின் பிள்ளைகள். அவர்களுடைய சுப்பர்மேன் 1938இல் அச்சில் வந்தான். 1940 பெப்ரவரியில் ‘லுக்’ சஞ்சிகை அவர்களிடம், சுப்பர்மேன் போரை எப்படி முடிப்பான் எண்டு கேட்டது. இரண்டே பக்கத்தில் முடித்துக் காட்டினார்கள். ஹிட்லரையும் ஸ்டாலினையும் தூக்கிக்கொண்டு போய் ஜெனீவாவில் சர்வதேசச் சங்கத்தின் முன்னால் நிறுத்துகிறான். அவ்வளவுதான். அந்த ஏப்ரலில் நாஸிகளின் எஸ்.எஸ். பத்திரிகை சீகலை யூதரெண்டு இழுத்துத் திட்டி எழுதியது.

ஆனால் 1941 டிசம்பரில் அமெரிக்கா உண்மையாகவே போருக்குள் போனதும் சிக்கல் தொடங்கியது. எல்லாம் முடிந்த ஒருவன் ஏன் போய் ஹிட்லரைப் பிடிக்கவில்லை? 1942இல் பத்திரிகைச் சித்திரத் தொடரில் அதுக்கு ஒரு சாட்டுக் கண்டுபிடித்தார்கள். கிளார்க் கென்ட் இராணுவத்தில் சேரக் கண் பரிசோதனைக்குப் போகிறான். அவனுடைய ஊடுருவும் பார்வை சுவரைத் தாண்டிப் பக்கத்து அறையில் இருந்த அட்டையை வாசித்துவிடுகிறது. தகுதியில்லை எண்டு திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். கேட்கப் பகிடிதான், ஆனால் வேறு வழி இருக்கவில்லை. அண்ணன்மார் போர்முனையில் செத்துக்கொண்டிருக்கும்போது, கதையில் ஒருவன் ஒரு பின்னேரத்தில் போரை முடித்தால் அது ஆறுதலாக இருக்காது, அவமானமாகத்தான் இருக்கும்.

1987 படம் மோதிய சுவர் இதே சுவர்தான். சுப்பர்மேன் ஐ.நா.வில் போய், எல்லா அணு ஆயுதங்களையும் அழிக்கப்போகிறேன் எண்டு அறிவிக்கிறான். மண்டபமே கைதட்டுது. நாடுகள் ஏவுகணைகளை ஏவ, அவன் ஒரு பெரிய வலையில் சேர்த்துச் சூரியனுக்குள் எறிகிறான். ஏன் அரசாங்கங்கள் இவ்வளவு லேசாக ஓமெண்டன? நாளைக்குத் திரும்பச் செய்ய மாட்டார்களா? அதையும் அவன்தான் போய்ப் பொறுக்குவானா? அப்படியெண்டால் உலகத்தை ஆள்வது ஆர்? நல்ல கேள்விகள் எல்லாம் வாசலில் வந்து நிற்க, படம் கதவைச் சாத்திவிட்டு லெக்ஸ் லூதரைக் கூப்பிடுகிறது. அவன் சுப்பர்மேனின் ஒரு முடியை வைத்து ‘நியூக்ளியர் மேன்’ எண்ட தங்கநிற வில்லனை உருவாக்குகிறான். அங்கிருந்து இரண்டு பலசாலிகளின் அடிபிடிதான். கடைசியில், சமாதானத்தை நான் பரிசாகத் தர முடியாது, மக்கள்தான் அதை வேண்டிப் பெற வேணும் எண்ட கருத்தில் சுப்பர்மேன் பேசுகிறான். அந்தப் பேச்சு சரியானது. ஆனால் அது வரைக்கும் மக்களை நாங்கள் கைதட்டுகிறவர்களாகவும் ஓடித் தப்புகிறவர்களாகவும் மட்டுமே பார்த்திருக்கிறோம். இன்னும் பத்துக் கோடி டொலர் கொடுத்திருந்தாலும் பறக்கிற காட்சிகள் திருந்தியிருக்கும், இந்த ஓட்டை அடைபட்டிராது.

திரைக்கு வெளியே அதே இங்கிலாந்தில், கிறீன்ஹம் கொமன் விமானத் தளத்தின் வேலியோரம், அமெரிக்கக் குறூஸ் ஏவுகணைகளுக்கு எதிராகப் பெண்கள் 1981இலிருந்து கூடாரமடித்து இருந்தார்கள். மழை, குளிர், கைது எல்லாத்துக்குள்ளும் இருந்தார்கள். படம் வந்து ஐந்து மாதம் ஆக முதல், 1987 டிசம்பர் 8, றீகனும் கொர்பச்சேவும் நடுத்தரத் தூர ஏவுகணை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 1991க்குள் 2,692 ஏவுகணைகள் அழிக்கப்பட்டன. வலையும் இல்லை, சூரியனும் இல்லை. ஒருவர் தளத்துக்கு மற்றவர் பரிசோதகர்களை அனுப்பி, எண்ணிப் பார்த்து, கண்முன்னால் அழித்தார்கள். அலுப்பான வேலை, ஆனால் நடந்த வேலை. 2019இல் அந்த ஒப்பந்தமே செத்துப்போனதும் உண்மை. ஆகவே அதையும் ‘சுபம்’ எண்டு போட்டு முடிக்க ஏலாது.

றீவின் கதை அந்த வருஷத்தோடு முடியவில்லை. 1987 நவம்பரில் பினோசேயின் சிலியில் 77 நாடகக் கலைஞர்களுக்குக் கொலை மிரட்டல் வந்தது: மாத முடிவுக்குள் நாட்டை விட்டுப் போ, இல்லாட்டி சாவு. எழுத்தாளர் ஏரியல் டோர்ஃப்மன் உதவி கேட்டு றீவை அணுகினார். இதே டோர்ஃப்மன்தான் 1971இல் ஆர்மண்ட் மத்தலாரோடு சேர்ந்து, டிஸ்னி கொமிக்ஸ் எப்படி ஏகாதிபத்திய மூளைச்சலவை செய்யுது எண்டு ‘டொனால்ட் டக்கை வாசிப்பது எப்படி’ என்ற நூலை எழுதினவர். கொமிக்ஸின் கடும் விமர்சகர் கூப்பிட, கொமிக்ஸ் நாயகனாக நடித்தவர் சந்தியாகோவுக்குப் போனார். வெளியேற மறுத்த நடிகர்களோடு பகிரங்கமாக நின்றார். உலகம் பார்த்துக்கொண்டிருக்குது எண்டு காட்ட அது போதுமாக இருந்தது. அடுத்த வருஷம் ஒக்ரோபரில் சிலி மக்கள் வாக்களித்துப் பினோசேக்கு ‘வேண்டாம்’ எண்டார்கள். அந்த வெற்றி றீவுடையது இல்லை. அவர்களுடையது.

இண்டைக்கு 20 கோடி டொலர் செலவழித்து எடுக்கிற சுப்பர்ஹீரோ படங்கள் கணினி வரைகலையில் எங்கேயோ போய்விட்டன. அவற்றில் பல இந்தக் கேள்விக்குக் கிட்டவும் போகாமல், வேற்றுக்கிரகப் படையைக் கொண்டுவந்து தப்பிவிடுகின்றன. ‘சுப்பர்மேன் 4’ கேட்டுவிட்டுத் தோற்றது. பாருங்கோ, சிரியுங்கோ. ஆனால் ஐ.நா. காட்சி வரும்போது கொஞ்சம் நிப்பாட்டி, கைதட்டுகிற அந்தக் கூட்டத்தைப் பாருங்கோ. படம் அவர்களைப் பற்றி எடுத்திருக்க வேண்டியது.