உண்ணத்தகுந்தது என்றொரு சொல்

காட்டுக் காளானின் பெயரைச் சரியாகக் கண்டுகொண்டால் ஆபத்து நீங்கிவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. காளானியல் வரலாற்றின் துயரமான பக்கமொன்று அந்நம்பிக்கையை ஐயுறச் செய்கிறது.

யூலியஸ் ஷேஃபர் (1882–1944) ஜெர்மனியின் தேர்ந்த காளானியலாளர். ருசுலா என்னும் பேரினத்தில் வல்லுநர். 1944 அக்டோபரில் அவரும் மனைவியும் உண்டது பாக்சிலஸ் இன்வொலூட்டஸ் என்னும் காளான். பிர்ச், பைன் முதலிய மரங்களின் வேர்களோடு கூடி வளர்வது. பழுப்புநிறக் குடை, உட்புறமாகச் சுருண்ட விளிம்பு, தண்டின்மீது சற்றே இறங்கிவரும் மடிப்புகள், அழுத்திய இடத்தில் கருமையேறும் பழுப்பு: இத்தனை அடையாளங்கள் இருக்க, ஷேஃபர் போன்றவர் அதனைப் பிறிதொன்றாக மயங்கியிருக்க வாய்ப்பில்லை.

பச்சையாக உண்டால் வயிற்றைக் கெடுக்கும், நன்கு வேகவைத்தால் உண்ணத்தகுந்தது என்பதே நடு ஐரோப்பாவிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் அன்று பரவலாக நிலவிய கருத்து. ஆனால் அவ்வுணவுக்குப் பின் ஷேஃபருக்கு வாந்தியும் காய்ச்சலும் கண்டன. மறுநாள் மருத்துவமனை. சிறுநீரகங்கள் செயலிழந்து, பதினேழு நாள்களில் உயிர் பிரிந்தது.

காரணம் துலங்க நான்கு பத்தாண்டுகள் ஆயின. 1980களில் சுவிட்சர்லாந்து மருத்துவர் ரெனே ஃபிளாமர் அதனை விளக்கினார். இக்காளானில் உள்ள ஒரு பொருளுக்கு எதிராகச் சிலர் உடல் எதிர்ப்பொருள்களை உருவாக்குகிறது. மீண்டும் உண்ணும்போது அவ்வெதிர்ப்பு திசைமாறி, சொந்தச் சிவப்பணுக்களையே அழிக்கிறது. ஆண்டுக்கணக்கில் தீங்கின்றி உண்டவரையும் ஒருநாள் இது வீழ்த்தக்கூடும்.

மற்றொரு சான்றும் உண்டு. டிரைக்கோலோமா ஈக்வெஸ்ட்ரே என்னும் மஞ்சள் காளான் பிரான்சில் நெடுங்காலம் சுவைமிக்கதாகப் போற்றப்பட்டது. அதனைத் தொடர்ந்து பல வேளை உண்ட பன்னிருவருக்குத் தசைகள் சிதைந்தன என்றும், அவர்களுள் மூவர் இறந்தனர் என்றும் 2001இல் ஒரு மருத்துவ ஆய்வு அறிவித்தது.

ஆக, இனங்காணல் என்பது இருவேறு அறிவுகளின் சேர்க்கை. வடிவத்தைக் கண் சோதிக்கலாம். ‘உண்ணத்தகுந்தது’ என்னும் தீர்ப்போ முன்னோரின் அனுபவத்திலிருந்து வருவது. உண்டவுடன் கொல்லும் நஞ்சை அனுபவம் விரைவில் கண்டுபிடித்துவிடும். பலமுறை உண்டபின் கொல்வதை அதனால் எளிதில் காணவியலாது. ‘முன்பும் உண்டவர்தாமே’ என்ற எண்ணமே காளான்மீது ஐயம் எழாமல் தடுத்துவிடும். பாக்சிலஸைப் பொறுத்தவரை, தீங்கின்றிக் கழிந்த ஒவ்வொரு விருந்தும் அடுத்த விருந்தின் ஆபத்தைக் கூட்டியிருக்கலாம். நம்பிக்கைக்குச் சான்றாக எண்ணப்பட்டதே நோய்க்கு வித்தாயிற்று.