ஓடிகோலோனும் 4711 என்னும் எண்ணும்



ஆசிரியர் தினத்தன்று ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் எனக்கு நறுமண நீர்ப் புட்டி ஒன்றைப் பரிசளித்தான். அதில் 4711 எனப் பெரிதாக அச்சிட்டிருந்தது. "ஐயா, இது தொலைபேசி எண்ணா?" என்று வகுப்பில் கேட்டார்கள். நான் நெடுநாளாக நம்பியிருந்த கதையைச் சொன்னேன். செருமனியின் கொலோன் நகரைப் பிரெஞ்சுப் படை பிடித்தபோது, குதிரைமேல் அமர்ந்த படைவீரன் ஒருவன் அவ்வீட்டுச் சுவரில் அந்த எண்ணை எழுதினான் என்பதே அக்கதை. பின்னர் நூல்களைப் புரட்டியபோதுதான் அது விளம்பரத்தால் பரவிய புனைவு என அறிந்தேன். வகுப்பில் பிழையாகச் சொன்னதைத் திருத்தவே இதனை எழுதுகிறேன்.

நம் வீடுகளில் காய்ச்சல் கண்டால் பாட்டிமார் ஓடிகோலோனில் துணியை நனைத்து நெற்றியில் இடுவர். எரிசாராயம் விரைந்து ஆவியாவதால் நெற்றி குளிரும். அப்பெயருக்குப் பிரெஞ்சு மொழியில் 'கொலோன் நீர்' என்பதே பொருள். ஆனால் அதனைப் படைத்தவர் செருமானியரும் அல்லர், பிரெஞ்சுக்காரரும் அல்லர்.

இத்தாலியில் 1685-இல் பிறந்த யோவான் மரியா ஃபரீனா என்பவரே அவர். அவருடைய தமையனார் 1709-இல் கொலோன் நகரில் தொடங்கிய வணிக நிலையத்தில் இவர் பின்னர் இணைந்தார். அக்காலச் செல்வர்கள் கத்தூரி, புனுகு போன்ற கனத்த மணங்களையே பூசினர். ஃபரீனாவோ எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்கமாட் ஆகியவற்றின் எண்ணெய்களோடு மூலிகை மணங்களையும் தூய சாராயத்தில் சேர்த்து, மழை ஓய்ந்த காலைப் பொழுதைப் போன்ற மென்மணம் கண்டார். தம்மை ஏற்ற நகரின் பெயரையே அதற்குச் சூட்டினார். பிறந்த மண்ணின் பெயரை அவர் இடவில்லை என்பதை எண்ணிப் பார்க்கிறேன். புலம்பெயர்ந்தோர் வழிவந்த நமக்கு இது சிறிய செய்தி அன்று.

இந்நீரை மக்கள் மருந்தாக அருந்தவும் செய்தனர்! நெப்போலியன் 1810-இல் உள்மருந்துகளின் கலவை முறையை அரசுக்கு வெளிப்படுத்த வேண்டும் என ஆணையிட்டார். கமுக்கத்தை விட்டுக்கொடுக்க விரும்பாத உற்பத்தியாளர்கள், இது புறப்பூச்சுக்குரிய நறுமண நீர் மட்டுமே என்று அறிவித்துவிட்டனர். நெப்போலியனே இந்நீரைப் பெரிதும் விரும்பிப் பயன்படுத்தியவர்.

புகழ் வந்ததும் போலிகளும் வந்தன. அக்காலத்தில் வணிகக் குறிக்குச் சட்டக் காப்பு இல்லை. வில்லெம் மியூலென்சு என்பார் 1803-இல், நறுமணக் குடும்பத்தோடு உறவே இல்லாத வேறொரு ஃபரீனாவிடம் அப்பெயரைப் பயன்படுத்தும் உரிமையை விலைக்கு வாங்கினார். அதனைப் பிறருக்கும் விற்றார். உண்மையான ஃபரீனா நிலையத்தார் தம்மை வேறுபடுத்திக் காட்ட, 'யூலிச் சதுக்கத்திற்கு எதிரே' என்னும் முகவரியைப் பெயரோடு சேர்த்துக்கொண்டனர். 'எதிரே' என்ற சொல்லே அடையாளமாகிவிட்டது! வழக்குகள் பல ஆண்டுகள் நீண்டன.

இரவல் பெயர் நிலைக்காது என உணர்ந்த மியூலென்சு குடும்பத்தார் தம் வீட்டு எண்ணைப் பற்றினர். 1794 அக்டோபரில் நகர மன்றத்தின் ஆணைப்படி கொலோன் முழுமைக்கும் தொடர்ச்சியாக வீட்டு எண்கள் இடப்பட்டன. தெருதோறும் ஒன்றிலிருந்து தொடங்காமையால்தான் குளோக்கன்காசெ தெருவில் ஒரு வீட்டிற்கு 4711 என்ற பெரிய எண் அமைந்தது. அந்த எண் 1875-இல் வணிகக் குறியாகப் பதிவு பெற்றது. ஓராண்டு முன்னர்தான் செருமனியில் வணிகக் குறிச் சட்டம் பிறந்திருந்தது. துறவி ஒருவர் 1792-இல் திருமணப் பரிசாகக் கலவை முறையைத் தந்தார் என்பதும் அந்நிலையத்தார் சொல்லிவந்த கதையே, சான்று இல்லை.

ஃபரீனா நிலையம் இன்றும் அக்குடும்பத்தாரிடமே உள்ளது. தொடக்கத்தில் ஆண், பெண் இருபாலரும் பூசிய நீரின் பெயர், அமெரிக்க ஆங்கிலத்தில் இன்று ஆடவர் நறுமணம் எதற்கும் பொதுப்பெயராகிவிட்டது. ஊர்ப்பெயர் பொருட்பெயராவதை இடவாகுபெயர் என நாம் இலக்கணத்தில் கற்பிக்கிறோம் அல்லவா?

அடுத்த வாரம் அதே வகுப்பில் என் பிழையைச் சொல்லி, நகர மன்றத்தின் ஆணையையும் விளக்கினேன். பரிசு தந்த மாணவன் சற்று வாடிய முகத்தோடு, "ஐயா, குதிரை வீரன் கதைதான் நன்றாக இருந்தது" என்றான்.